கொட்டாஞ்சேனையில் ஒரு துவக்குப் பிடங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தை சற்றுத் தாமதித்தே கண் விழிக்கும். காலி வீதியில் புடைவைக் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்பது மணிக்குப் பின்னரே உயரத் தொடங்கும். அதற்குள் மேற்கே கடலோரப் புகைவண்டிகள் இரண்டு மூன்று ஓடி முடிந்திருக்கும். இராமகிருஷ்ண மிஷன் பக்கமிருந்து மணியோசை கேட்கும். சந்தையிலிருந்து முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பும் பெரியவர்கள் முச்சந்தியில் நின்று யாழ்ப்பாணத்து மழையைப் பற்றி விசாரித்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் இவ்வூருக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்த நூல் நெசவு ஆலை இன்று இல்லை. அந்நிலத்தில் மாடிக் குடியிருப்புகள் வானளாவ நிற்கின்றன.

அத்தகைய ஒரு காலையிலேதான் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் புத்தகம் இல்லை; கைத்தொலைபேசி இருந்தது. "சேர், ஒரு கடிதம் எழுதித் தரவேணும்" என்றான். சான்றுக் கடிதம் கேட்டு வரும் மாணவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். எனவே, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று கேட்டேன். "பல்கலைக்கழகத்துக்கு இல்லை, சேர். ஒரு துவக்குக்கு" என்றான். என் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் எவரும் முதலில் வீதிக் கதவைப் பார்ப்பர். அவனும் அதை உணர்ந்தவனாய், முழுத் துவக்கு அன்று, அதன் மரப் பிடங்கு மாத்திரமே என்று விரைந்து விளக்கினான். கொட்டாஞ்சேனையிலுள்ள அவனுடைய அம்மம்மாவின் வீட்டில் நெடுங்காலமாகக் கதவுக்கு அண்டை கொடுத்துக் கிடக்கும் கட்டை அது. அம்மம்மாவின் தந்தையார் இரண்டாம் உலகப் போரின்போது கொழும்பில் இராணுவத் தொழிற்சாலை ஒன்றில் தச்சு வேலை பார்த்தவர். "கண்ணாடி வைச்சு ஒளிச்சிருந்து சுடுற துவக்கின்ரை பிடங்கு" என்று அவர் சொல்லிக் கொணர்ந்தாராம். பையன் அதைப் படமெடுத்து இங்கிலாந்தில் பழம் போர்ப்பொருள் சேகரிக்கும் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறான். பொருள் மெய்யானது என்று படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக அவர் பதில் எழுதியிருக்கிறார். அந்த விலை பையனுடைய மேற்படிப்பில் ஒரு தவணைக் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. கட்டணம் செலுத்த இன்னும் மூன்று வாரங்களே இருந்தன.

என்னைத் தேடி வந்ததற்கும் காரணம் உண்டு. பாடசாலையில் படைமாணவனாக இருந்த நாட்களில் .303 துவக்கைத் தோளிற் சுமந்து வெயிலில் நடந்தவன் நான். அந்தச் சுமை வகுப்பிலே கதையாகப் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் தங்கள் கதைகளை மறந்துவிடுவார்கள், மாணவர்கள் மறப்பதில்லை.

இங்கே வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் வேண்டும். பிரித்தானியப் படைகளின் கையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது லீ-என்ஃபீல்ட் என்னும் துவக்கு. அதன் இலக்கம் 4 என்ற வகையே இரண்டாம் உலகப் போரில் பெருமளவிற் செய்யப்பட்டது. பிரித்தானியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளில் மொத்தம் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவை உருவாயின. இவற்றுள் குறி தவறாமற் சுடுபவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட துவக்குகளை 1942 முதல் லண்டனின் பெயர்பெற்ற துவக்குத் தொழிலாளர்களான ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்தாரிடம் அனுப்பினார்கள். அவர்கள் அவற்றின் மேல் தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தி, சுடுபவன் கன்னத்தைச் சாய்ப்பதற்குப் பிடங்கின் மேல் ஒரு மரத்துண்டையும் இரண்டு திருகாணிகளால் இறுக்கிக் கொடுத்தார்கள். இவ்வாறு அமைந்தவை இருபதாயிரத்துச் சொச்சமே. நாற்பது லட்சத்தில் இருபதாயிரம்! அருமை எங்கே இருக்கிறதோ அங்கே போலியும் வந்து குடியிருக்கும். சாதாரணத் துவக்கொன்றை வாங்கி, கண்ணாடியும் மரத்துண்டும் வைத்து, இரண்டொரு முத்திரை பதித்துவிட்டால் விலை பன்மடங்காகிறது. ஆகையால் உலகச் சந்தையில் இவ்வகைத் துவக்கைக் கண்டவுடன் சேகரிப்போர் முதலில் கைகொடுப்பதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைத்தான் எடுக்கிறார்கள்.

துவக்கைப் போலியாகச் செய்வது புதிய கலையும் அன்று. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற சிற்றூரில் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத் துவக்குகளைப் பார்த்து அப்படியே கையாற் செய்து வந்தனர். கைத்திறன் வியக்கத்தக்கது. ஆனால் ஆங்கிலம் அறியாத கை எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, கோலமாகப் பார்க்கிறது. எனவே சில எழுத்துகள் திரும்பி நிற்கும். விக்டோரியா மகாராணியின் முத்திரைக்குக் கீழே அவர் 1901இல் மறைந்ததற்குப் பின்னான ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். காலமான அரசி துவக்குச் செய்வித்த அதிசயம் அது.

பையன் காட்டிய படங்களில் பிடங்கின் மேற்பக்கம் தெரியவில்லை. நேரிற் பாராமல் ஒரு வரியும் எழுதமாட்டேன் என்றேன். அவன் சற்றுத் தயங்கிவிட்டு, இன்னொரு செய்தியைச் சொன்னான். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பழைய தளபாடங்கள் விற்கும் கடை இருக்கிறது. அங்கேயும் இதேபோல் ஒரு பிடங்கு உண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றான்.

அக்கடையின் பெயர் இங்கே வேண்டாம். உள்ளே பர்மாத் தேக்கு அலுமாரிகளும், கால் ஒடிந்த சாய்மனைகளும், நின்றுபோன சுவர்க் கடிகாரங்களும் ஒன்றன்மேலொன்றாய்க் கிடந்தன. கடைக்காரர் மிகுந்த மரியாதையுடன் பிடங்கை ஒரு துணியிற் சுற்றியெடுத்து வந்து என் முன் விரித்தார். பார்த்தவுடன் மனங்கவரும் பொருள்தான். மேலே கன்னமரம் இருந்தது. கீழ்ப்புறத்தில் 'எஸ் 51' என்ற குறி தெளிவாக இருந்தது; அதுவே ஹொலண்ட் நிறுவனத்துக்குரிய அடையாளம். கழுத்துப் பகுதியின் மேற்புறத்தில் ஓர் இலக்கம் இருந்தது. அத்துவக்கோடு சேர்ந்த தொலைநோக்கிக் கண்ணாடியின் இலக்கத்தை அந்த இடத்திற் பதிப்பது வழக்கம். வேண்டியவை யாவும் வேண்டிய இடத்தில் இருந்தன. எனக்கு ஐயம் எழுந்ததும் அதனாலேயே.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மரம் பழையது, அதில் ஐயமில்லை. எண்பதாண்டுக் கைப்பிடியின் எண்ணெய்க் கறுப்பும் வடுக்களும் அதில் இருந்தன. ஆனால் 'எஸ் 51' என்ற குறியின் குறுக்கே ஓடிய நீண்ட கீறலொன்று, எழுத்தின் பள்ளத்துக்குள் வந்ததும் மறைந்து, மறுகரையில் மீண்டும் தொடர்ந்தது. முத்திரை முதலிலும் கீறல் பிறகும் வந்திருந்தால் கீறல் எழுத்தின் விளிம்பையும் சிதைத்திருக்கும். இங்கே எழுத்தின் விளிம்பு கத்திபோற் கூராக நின்றது; கீறல்தான் நசுங்கியிருந்தது. ஆகவே கீறல் மூத்தது, முத்திரை இளையது. பள்ளத்துக்குள் படிந்திருந்ததும் காலத்தின் அழுக்கன்று. சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மையின் வாசனை வந்தது. கன்னமரத்தை இறுக்கிய திருகாணிகளின் தலையிலோ சிலுவைக் குறி. பிரித்தானியத் தொழிற்சாலை இட்டவை ஒற்றைப் பிளவு கொண்ட தலைகள். மரம் மெய், எழுத்துப் பொய்.

நான் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் படித்திருக்கவேண்டும். சற்றும் வெட்கமின்றிப் பையனைப் பார்த்து, "தம்பி, உங்கடை பிடங்கிலை ஏதும் எழுத்துக் குறையிருந்தால் கொண்டு வாங்கோ. செய்விக்கலாம்" என்றார். என்னைப் பார்த்து, "ஐயா கடிதம் மட்டும் தந்தால் போதும்" என்றும் சேர்த்துக்கொண்டார். இத்துணை நேர்மையாகத் தம் தொழிலை விளக்கும் வணிகரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பையன் கால்விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அவன் மனத்தில் என்ன ஓடியது என்பதை ஊகிப்பது அரிதன்று. மூன்று வாரம், ஒரு தவணை, இரண்டு எழுத்து முத்திரைகள். நான் அறிவுரை கூறவில்லை. வழியில் ஓரிடத்தில் இறங்கிப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதிவழியே விகாரமகாதேவிப் பூங்காவைக் கடந்து நூதனசாலைக்கு நடந்தோம். 1908இல் கண்டி நாட்டுக் கைவினைஞரைப் பற்றிப் பெருநூல் எழுதிய தமிழ் அறிஞரின் பெயரால் அமைந்த வீதி அந்தக் கைவினைகள் இருக்கும் மாளிகையருகே செல்வது பொருத்தமே. ஆளுநர் வில்லியம் கிரெகரி முயன்று எழுப்ப, 1877ஆம் ஆண்டு தொடக்கத்தில் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகை அது. முன்னாலே அவருடைய சிலை நிற்கிறது. ஆலமரத்து நிழலில் பள்ளிப் பிள்ளைகள் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பையனுக்குக் காட்ட விரும்பியது ஒரு பீரங்கி. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம்தான் இருக்கும். வெண்கலக் குழலின்மேல் பொன்னும் வெள்ளியும் இழைத்து மாணிக்கக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சூரியனும் பிறையும் சிங்கமும் கண்டி அரசின் சின்னங்களாக அதில் விளங்குகின்றன. எதிரியைக் கொல்வதற்கன்று, அரசவையில் மதிப்புக்காக அமைந்த படைக்கலம். லெவ்கே திசாவை என்னும் பிரதானி சக ஆண்டு 1667இல், அதாவது கி.பி. 1745-46இல், அரசனுக்கு அளித்தது என்பதை அதன்மேல் பொறித்த சிங்கள எழுத்து அறிவிக்கிறது. அப்போது கண்டியில் ஆண்டவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்த கண்டி அரச குடும்பத்தில், அரசியின் உடன்பிறந்தவனாக வந்து 1739இல் முடிசூடிய முதல் நாயக்க மன்னன் அவன்.

1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்குள் நுழைந்தார். அப்போதைய மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரைவிட்டு நீங்கியிருந்தான். அரண்மனை கொள்ளையிடப்பட்டது. வான் எக் அந்த வெற்றியை நெடுநாள் அனுபவிக்கவில்லை. அதே ஆண்டு ஏப்பிரலில் கொழும்பில் இறந்தார். பீரங்கியோ கடல் கடந்து ஒல்லாந்து ஆட்சித் தலைவரின் அரும்பொருட் கூடத்தை அடைந்து, பின்னர் ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் நூதனசாலையின் புகழ்பெற்ற காட்சிப் பொருளாயிற்று. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு அதைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் அது கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அதனோடு பொற்பிடி வாள் ஒன்று, வெள்ளிப்பிடி வாள் ஒன்று, ஒரு சிங்களக் கத்தி, இரண்டு பெரிய மதில் துவக்குகள் ஆக ஆறு பொருள்கள் வந்தன. கண்டியின் சிம்மாசனமும் முடியும் 1934இலேயே இங்கிலாந்திலிருந்து வந்துவிட்டன. அவற்றையும் இதே மாளிகையிற் காணலாம். பீரங்கிக்கு மேலும் எண்பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த மதில் துவக்குகளைச் சிங்களத்தில் 'மகா துவக்குவ' என்பர். நாம் சொல்லும் துவக்கும் அவர்கள் சொல்லும் துவக்குவவும் ஒரே சொல். துருக்கியச் சொல்லின் வழிவந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். கருவியும் பெயரும் இருவர் வீட்டுக்கும் வெளியிலிருந்தே வந்திருக்கின்றன.

"இது உண்மையென்று எப்படி அறிந்தவை, சேர்? எழுத்து இருக்கிறபடியாலோ?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. எழுத்தை எவரும் எப்போதும் பொறிக்கலாமே. காலையில் அதைத்தானே கண்டோம். 2019 முதல் 2022 வரை நெதர்லாந்து ஆய்வாளர்கள், நம் நாட்டு அறிஞர்களையும் துணைக்கொண்டு, இப்பொருள்களை ஆராய்ந்தார்கள். பொருளின் மேலுள்ள எழுத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது சென்றது என்று கம்பனிக் கடிதங்களிலும் பட்டியல்களிலும் நூதனசாலைப் பதிவுகளிலும் தேடினார்கள். பொருள் ஒன்று சொல்லவேண்டும். கடதாசி ஒன்று சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கதையைச் சொல்லவேண்டும். "எங்கடை கட்டைக்குக் கடதாசி இல்லை" என்றான் பையன். அம்மம்மா இருக்கிறாரே என்றேன்.

கோட்டையும் புறக்கோட்டையும் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குள் நுழைகிறபோது நகரத்தின் காலமே மாறிவிடுகிறது. வெள்ளவத்தை நேற்றுக் கட்டியது. கொட்டாஞ்சேனை தாத்தா காலத்தது. ஒல்லாந்தர் 1757இல் திறந்த வொல்வெந்தால் தேவாலயம் தடித்த சுவர்களோடு மேட்டில் நிற்கிறது. சற்று அப்பால் சாந்த லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடம் எழுகிறது. கொச்சிக்கடைப் பக்கம் சென்றால் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும், அயலிலேயே புனித அந்தோனியார் திருத்தலமும் உள்ளன. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று அத்திருத்தலத்தில் நேர்ந்ததை நான் எழுதத் தேவையில்லை. தெருவுக்குத் தெரு ஒரு மதத்தின் மணி. எல்லா மணிகளையும் மீறித் துறைமுகத்துக் கப்பலின் சங்கு.

அந்தத் துறைமுகமே கொட்டாஞ்சேனையின் வாழ்வு. ஒருநாள் அதுவே அதன் அச்சமுமாயிற்று. 1942 ஏப்பிரல் 5, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு. காலையில் யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கொழும்பின் மேல் தோன்றின. துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'டெனடொஸ்' என்ற இரு போர்க்கப்பல்கள் அழிந்தன. பந்தய மைதானத்தையே ஓடுபாதையாக்கி வைத்திருந்த பிரித்தானிய விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. கொழும்புக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடின. அந்த ஆண்டிலேதான் வெள்ளவத்தையில் இன்று விளங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் பிறந்தது என்பது வியப்புக்குரியது. குண்டு விழுகிற ஆண்டில் சங்கம் கூட்டுகிறவர்கள் நம்மவர்கள்தாம். பின்னர் 1944 ஏப்பிரலில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. இலங்கை எங்கும் படையும், படைக்குப் பழுது பார்க்கும் தொழிற்சாலைகளும் பெருகின. தச்சருக்கும் கொல்லருக்கும் ஓயாத வேலை.

பையனின் அம்மம்மாவுக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டு வீடு, விற்பனைக்குப் பேசி முடிந்துவிட்டதால் பெட்டிகள் பாதி கட்டப்பட்டிருந்தன. மகளோடு ரொறொன்ரோவுக்குப் போகிறாராம். "வாங்கோ தம்பி, இருங்கோ. கதவு அடிக்கும், அந்தக் கட்டையைத் தள்ளி வையுங்கோ" என்றார். நான் காணவந்த பொருளை எடுத்து என் கையிலே தந்ததும் அந்தக் கதவே.

பிடங்கை மடியில் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். வால்நட் மரம், கையெண்ணெயிற் கறுத்திருந்தது. இரும்புத் தாங்கிக்குள் நுழையும் முனையில் இழையோடு நீண்ட வெடிப்பு. அப்படி வெடித்த பிடங்கைத் துவக்கிலிருந்து கழற்றி ஒதுக்குவதே முறை. ஆகவே தொழிற்சாலைத் தச்சர் கழித்த கட்டையை வீட்டுக்குக் கொணர்ந்தார் என்ற கதை அதனோடு நன்கு பொருந்தியது. மேல் விளிம்பில் நீளத்தைக் குறிக்கும் 'எல்' என்ற எழுத்து தேய்ந்து கிடந்தது. கீறல்கள் அதன்மேலே ஓடின, அதன் அடியில் அன்று. மெய்யான முத்திரை. இலக்கம் 4 லீ-என்ஃபீல்டின் மெய்யான பிடங்கு.

ஆனால் கழுத்தின் மேற்புறத்தில் இலக்கம் இல்லை. கீழே 'எஸ் 51' இல்லை. தேய்ந்துபோயிருக்கலாம் என்றான் பையன். முத்திரை தேய்ந்தாலும் நசுங்கிய இழை உள்ளே இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அதன் நிழல் தெரியும். தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்னமரத்தின் இரண்டு திருகாணித் துளைகள் இருக்கவேண்டும். கண்ணாடி வைத்து விரல் விரலாகத் தேடினேன். துளையும் இல்லை, துளையை அடைத்த அடையாளமும் இல்லை. நாற்பது லட்சத்தில் ஒன்று, இருபதாயிரத்தில் ஒன்றன்று.

சொல்வதற்குத் தயங்கினேன். எண்பதாண்டு நம்பிக்கையை ஒரு வாக்கியத்தில் முறிக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் சொன்னேன். பையன் எழுந்து சன்னலருகே போய் நின்றான். கிழவி என்னைக் கூர்ந்து பார்த்து, "அப்பு பொய் சொல்லமாட்டார்" என்றார். பொய் சொல்லியிருக்கமாட்டார்தான். அவ்வகைத் துவக்குகளும் அத்தொழிற்சாலைக்கு வந்திருக்கக்கூடும், அவர் அவற்றையும் தொட்டிருக்கக்கூடும். எந்தக் கட்டை எந்தத் துவக்கினது என்பதைப் பிள்ளைக்குக் கதை சொல்லும் நேரத்தில் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? "கூடும் என்பதை நான் கடிதத்தில் எழுத முடியாது அம்மா" என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு கதை தொடங்கினார். 1983 ஆடியில் இந்த வீட்டைவிட்டு ஓடியதும், வாரங்கழித்துத் திரும்பி வந்தபோது கதவே இல்லாத வாசலில் கதவுக்கட்டை மட்டும் கிடந்ததும். பின்னொரு காலத்தில் சுற்றிவளைத்துத் தேடுதல் நடந்தபோது, இளம் சிப்பாய் ஒருவன் இதைத் தூக்கிப் பார்த்து முகம் மாறியதும், அவருக்குக் கைகால் நடுங்கியதும். "தமிழ் வீட்டிலை துவக்குப் பிடங்கு! நான் முடிஞ்சுது எண்டு நினைச்சன், தம்பி. பிறகு ஒரு வயசான அதிகாரி வந்தார். திருப்பிப் பார்த்தார். திறீ நோட் திறீ எண்டு சிரிச்சார். தானும் அதிலைதான் பழகினதாம். கதவடியிலை வைச்சிட்டுப் போனார்." நான் அரைமணி நேரம் செலவிட்டுக் கண்ட முடிபை அவர் ஒரு நொடியிற் கண்டிருக்கிறார்.

பிடங்கின் அடிமுனையில் இரும்புத் தகடு இல்லை. கழிக்கும்போது தகட்டைத் தொழிற்சாலையார் எடுத்துக்கொண்டிருப்பர். அதற்குப் பதிலாகப் பழைய ரயர் துண்டொன்று ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. அனுமதி பெற்று, குறட்டால் ஆணிகளை மெல்லத் தூக்கினேன். அடியிலிருந்த மரம் வெளிச்சம் படாமல் இளநிறமாக இருந்தது. அதன்மேல் தச்சர் பென்சிலால் தமிழில் 'வே' என்ற எழுத்தும், '1944' என்ற எண்ணும். எண்பதாண்டு அதை எவரும் பார்த்ததில்லை.

காலையில் கற்ற பாடத்தை மறக்காத பையன், "இதையும் யாரும் எழுதியிருக்கலாம்தானே, சேர்?" என்றான். குரலில் சிறிது கசப்பும் இருந்தது. அதுவும் நல்ல கேள்வியே. கிழவி ஒன்றும் சொல்லாமல் கட்டிய பெட்டியொன்றை அவிழ்த்து, அட்டை கிழிந்த தேவாரப் புத்தகத்தை எடுத்தார். முதற்பக்கத்தில் தந்தையார் மகளின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். 'வே'யின் கொம்பைச் சுழித்து மேலே இழுத்து, அடுத்த எழுத்தின் தலையைத் தொடவிடும் வழக்கம் அவருக்கு. கட்டையிலும் அதே கொம்பு. தொடுவதற்கு அடுத்த எழுத்து இல்லாதபடியால் வெறுவெளியில் நீண்டு நின்றது. அவர் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விரல் நுனியை எழுத்தின்மேல் வைக்கப்போய், அழிந்துவிடும் என்று எண்ணியோ என்னவோ, எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே அங்கிருந்த மேசையில் கடிதத்தை எழுதினேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இலக்கம் 4 லீ-என்ஃபீல்ட் துவக்கின் மெய்யான மரப் பிடங்கு, முன்முனையில் வெடிப்புடையது, தொலைநோக்கி பொருத்திய சிறப்பு வகையைச் சேர்ந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. இவ்வளவே. பையன் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இதை இங்கிலாந்துக்கு அனுப்பினால் முதலில் பேசிய விலையில் பத்தில் ஒன்றும் தேறாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டணத்தைத் தவணை பிரித்துச் செலுத்த இடமுண்டா என்று திங்கட்கிழமை நானும் உடன்வந்து விசாரிப்பதாகச் சொன்னேன்.

"அனுப்பவேண்டாம், ராசா" என்றார் கிழவி. ரொறொன்ரோ விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று பையனிடம் கேட்டார். துவக்குப் பிடங்கைப் பயணப் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை அவன் நடித்துக் காட்ட, அவர் வாய்விட்டுச் சிரித்தார். துறைமுகத்திலிருந்து காற்று எழுந்தது. கதவு ஒருமுறை அடித்தது. நான் ரயர் துண்டைப் பழைய துளைகளிலேயே ஆணியடித்துப் பொருத்திக் கொடுக்க, பையன் அதை வாங்கிக் கதவடியில் வைத்தான்.